ஜப்பானை நல்ல பிள்ளை ஆக்காதீர்கள்

உலகின் மழைக்காடுகளைச் சீனா விழுங்குகிறது என்று எழுதுகிறவர்கள், பக்கத்திலேயே ஜப்பானை நல்ல பிள்ளையாக நிறுத்திவிடுகிறார்கள். இன்றைய இறக்குமதிக் கணக்கை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அறுபது ஆண்டுக் கணக்கைப் பார்க்கும்போது அந்தத் தீர்ப்பு எனக்கு அநியாயமாகப் படுகிறது.

1960களில் பிலிப்பைன்ஸ், 70களில் இந்தோனேசியா, 80களில் போர்னியோ தீவிலுள்ள மலேசிய மாநிலங்களான சபா, சரவாக். ஒரு காடு மெலிய மெலிய, ஜப்பானின் மரக் கப்பல்கள் அடுத்த காட்டுக்கு நகர்ந்தன. உச்சத்தில் இருந்த 1973ஆம் ஆண்டில் மட்டும் இரண்டரைக் கோடி கன மீட்டருக்கு மேல் உருட்டுமரம் ஜப்பானில் போய் இறங்கியது.

அவ்வளவு மரத்தையும் என்ன செய்தார்கள்? பெரும்பகுதி பிளைவுட் ஆனது. மெரந்தி போன்ற காட்டு மரத்தை எந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டு நீளக் கத்தியை வைத்தால், சுருட்டிய பாயை விரிப்பதுபோல மெல்லிய ஏடு உரிந்துகொண்டே வரும். ஏடுகளை அடுக்கி ஒட்டிய அந்தப் பலகையில் கணிசமான பங்கு சென்ட்ரிங் வேலைக்குப் போனது. சில முறை கான்கிரீட் ஊற்றியதும் பலகை பிய்ந்துவிடும், தூக்கிப் போட்டுவிடுவார்கள். தலைமுறைகள் தாண்டி நின்ற ஒரு மரத்தின் கதி அது! 1987இல் சரவாக்கின் பெனான் பழங்குடி மக்கள் மரம் ஏற்றும் சாலைகளில் தடுப்புக் கட்டி உட்கார்ந்தது இதற்கு எதிராகத்தான். பலரைக் கைது செய்தார்கள்.

அதே காலத்தில் ஜப்பான் மண்ணில் மூன்றில் இரண்டு பங்கு காடாகவே நின்றது. போருக்குப் பின் மலைமலையாக நட்ட சுகி, ஹினோகி என்ற ஊசியிலை மரங்கள் அப்போது இளம் கன்றுகள். 1964இல் மர இறக்குமதி முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டு மரம் மலிவாகக் கிடைத்ததால், வளர்ந்த பிறகும் அவற்றை வெட்ட ஆளில்லை. பின்னாளில் வெப்பமண்டல மரத்தின் இறக்குமதி சரிந்ததற்கு மனமாற்றம் முதல் காரணம் அல்ல. இந்தோனேசியா 1985இலும் சபா 1993இலும் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்தின. ஜப்பானின் பிளைவுட் ஆலைகள் முதலில் ரஷ்ய லார்ச் மரத்துக்கும், பிறகு முற்றி நின்ற சொந்த சுகிக்கும் மாறின.

சீனாவின் கதையும் இதே தடத்தில்தான் ஓடுகிறது. 1998இல் யாங்சி ஆற்று வெள்ளம் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. மேல்பகுதிக் காடுகளை மொட்டையடித்ததும் ஒரு காரணம் என்று உணர்ந்த அரசு, இயற்கைக் காடுகளில் வெட்டுக்குத் தடை போட்டது. உள்ளூர் மர வரத்து நின்றதும் பாப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், மியன்மார், காபோன் என்று கப்பல்கள் கிளம்பின. சாலமன் தீவுகளின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கு உருட்டுமரம், அதில் பெரும்பங்கை வாங்குவது சீனா. அந்தச் சின்னத் தீவுகளின் காடு தாங்காத வேகத்தில் வெட்டப்படுகிறது. இதில் சீனாவை நான் விடுவிக்கவே மாட்டேன்.

ஆனால் சீனத் துறைமுகத்தில் இறங்கிய மரமெல்லாம் சீன வீடுகளுக்குப் போகவில்லை. நாற்காலியாக, தரைப்பலகையாக, பிளைவுட்டாக அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் போனது. அந்தப் பங்கை யார் பெயரில் எழுதுவது? வாங்கி உட்கார்ந்தவர் பெயரில் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

நமக்கும் இதில் பங்கு உண்டு. 1996இல் உச்ச நீதிமன்றம் காட்டு வெட்டுக்குக் கடிவாளம் போட்டது நீலகிரியின் கூடலூர்க் காடுகளைப் பற்றிய வழக்கில்தான். நல்ல தீர்ப்பு, அதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். அதன் பிறகு நம் மரவாடிகளை நிரப்பியதில் பர்மா தேக்குக்கும் மலேசிய மரத்துக்கும் பெரிய இடம் உண்டு. சட்டவிரோதமாக வெட்டிய மரத்தை வாங்குவதற்கு எதிராகச் சீனா தன் வனச் சட்டத்தில் 2020 முதல் ஒரு பிரிவு வைத்திருக்கிறது. ஜப்பானில் மரம் எங்கிருந்து வந்தது என்று இறக்குமதியாளர் சரிபார்ப்பது 2025 முதல் கட்டாயம். அப்படி ஒரு சட்டம் இங்கேயும் வர வேண்டும். நிலைக்கதவுக்கு மரம் வாங்கும்போது எந்தக் காட்டு மரம் இது என்று நாமும் கேட்போம், மரவாடிக்காரர் சீட்டை எடுத்துக் காட்டட்டும்.