யானைக்குக் காது சுளகு

மருமகன் ஒரு யானை செய்திருக்கிறான். பிரித்துத் தைத்த உரப்பைகள் உடம்பு, தண்ணீர்ப் பம்பியின் பழைய உறிஞ்சுகுழாய் தும்பிக்கை, இரண்டு சுளகு காது. உள்ளே இரண்டு பேர். முன்னால் நிற்பவனுக்குத் தும்பிக்கைக்கு மேலே ஒரு ஓட்டை இருக்கிறது, வழி தெரியும். பின்னால் குனிந்து நிற்பவனுக்கு முன்னவனின் காற்சட்டைப் பட்டியைத் தவிர வேறொன்றும் தெரியாது. யார் இன்றைக்குப் பின்கால் என்பதில்தான் ஒவ்வொரு நாளும் சண்டை.

போனில் எடுக்கிற ஐந்து நிமிடப் படம். வேலிக்கு அந்தப் பக்கம் தன் வாழைக்குட்டி நிற்கிறது, அதற்கு நட்டஈடு வேண்டும் என்று ஒரு யானை அலுவலகத்துக்கு வந்து வரிசையில் நிற்கிறது. படிவம் கொடுக்கிறார்கள். பெயர் எழுதுகிறது, பால் எழுதுகிறது. ‘நிரந்தர முகவரி’ என்ற இடத்தில் பேனை நின்றுவிடுகிறது. அவ்வளவுதான் கதை. எழுதிக் காட்டியபோது சிரித்தேன். பிறகு, அந்தக் கேள்விக்கு முன்னால் பேனையைப் பிடித்துக்கொண்டு நானும் எத்தனை தரம் நின்றிருக்கிறேன் என்று ஞாபகம் வந்தது.

ஒரு துண்டை முகநூலில் போட்டதும் வந்த முதல் கருத்து: “வன்னியில எடுக்கிறதுக்கு எவ்வளவு வலி கிடக்கு, நீங்கள் சாக்குக்குள்ள பூந்து விளையாடுறியள்.” எழுதியவர் நல்ல மனிதர், வெளிநாட்டில் இருக்கிறார். அவரோடு சண்டையில்லை. ஆனால் எங்கள் குறும்படங்களைப் பாருங்கள். முதல் காட்சியில் இடிந்த சுவர், இரண்டாவதில் வயலின், மூன்றாவதில் ஒரு தாய் படலையைப் பார்த்தபடி. எல்லாம் உண்மைதான், ஒன்றும் பொய்யில்லை. அதற்காக வன்னியில் பிறந்த பெடியன் அழுகிற படம் மட்டுமே எடுக்கவேண்டும் என்று யார் சட்டம் போட்டது? இரவிரவாகக் கூத்துப் பார்த்த சனம் நாங்கள். பபூன் வராத கூத்துக்கு யார் விடியும்வரை இருந்திருப்பார்கள்? பண்டிப்பள்ளு என்று பன்றிக்குப் பள்ளு பாடிய மண் இது.

வேடிக்கைக்கு வெளியே போய்க் கடன் வாங்கத் தேவையும் இல்லை. 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்புவது பற்றி அமைச்சர் மட்டத்திலேயே பேச்சு வந்தது, பிறகு கைவிட்டார்கள். 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொண்டதாகச் சொன்னார்கள், முழு இலங்கைக்கும் மின்சாரம் போனது. அடுத்த மாதம் 15ஆம் தேதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, நாடு முழுவதும் அவரவர் வளவில் நிற்கிற குரங்கு, மந்தி, மயில், மர அணில் எல்லாவற்றையும் எண்ணி எழுதச் சொன்னார்கள். நானும் எண்ணினேன். ஐந்து நிமிடமும் ஒன்றுகூட வரவில்லை. பூச்சியம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் கொய்யாவில் ஏழு இருக்கிறது.

இதற்கு மேல் நாங்கள் என்னத்தைக் கற்பனை செய்வது? மருமகனின் அடுத்த கதை அந்த ஒரு இலட்சத்தில் ஒரு குரங்கைப் பற்றியது. ஏஜென்சிக்குக் காசு கட்டி, சீனா போகக் காத்திருக்கிறது. பிரியாவிடைக்கு வீட்டில் கேக் வெட்டியாகிவிட்டது, தாய்க்குரங்கு அழுது முடித்துவிட்டது. அப்போது செய்தியில் சொல்கிறார்கள், திட்டம் இரத்து என்று. கட்டின காசு திரும்பாது. இதில் குரங்கு எது, மனிதன் எது என்று எங்கள் ஊரில் ஒருவரும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

வேடத்தைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மிருக வேடம் போட்டவன் சிரிப்புக் காட்டக்கூடாது. டிக்டொக்கில் வருகிற குரங்குகள் எல்லாம் பல்லைக் காட்டிச் சொறிந்துகொண்டே இருக்கின்றன. நிசக் குரங்கு அப்படியா? அது வங்கி முகாமையாளர் மாதிரி உட்கார்ந்து உங்களை மேலும் கீழும் பார்க்கும். 1912இல் ரஷ்யாவில் ஸ்டாரெவிச் என்பவர் செத்த வண்டுகளுக்குக் கம்பியில் கால் வைத்து, துளித்துளியாக அசைத்து ஒரு படம் எடுத்தார். கலியாணம் முடித்த வண்டு களவாகக் காதலியைத் தேடிப் போகிறது, ஒரு வெட்டுக்கிளி அதைக் கமெராவில் பிடித்து எல்லாருக்கும் போட்டுக் காட்டுகிறது. பூச்சிகளைப் பழக்கித்தான் எடுத்திருக்கிறார்கள் என்று நம்பியவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். அந்த வண்டு ஒரு இடத்திலும் கோமாளித்தனம் செய்வதில்லை, அதன் பாட்டில் வண்டாகவே நடக்கிறது. அதனால்தான் நூறு வருடம் கழித்தும் சிரிப்பு வருகிறது.

இதை மருமகனுக்குச் சொன்னால் தலையாட்டுவான், கேட்கமாட்டான். கேட்க வைத்தது பக்கத்து வளவு அம்மம்மா. ஒத்திகை நடக்கும்போது வெற்றிலையை மென்றபடி வந்து கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, உது யானையே?”

“ஓம் அம்மம்மா.”

“யானை உப்பிடி நடக்காது. முன்கால் வைச்ச தடத்திலதான் பின்காலும் வரும். என்ர தென்னம்பிள்ளையை முறிச்ச அண்டைக்கு விடிய எழும்பிப் பாத்தனான். மணலில தடத்துக்கு மேல தடம். ரெண்டு காலில வந்தமாதிரி.”

அன்று பின்னேரம் முழுக்கப் பழகினார்கள். பின்கால்காரன் எண்ணிக்கொண்டே நடந்தான், ஒன்று, இரண்டு, வை. இருபதாவது தரமோ என்னவோ, சாக்கு திடீரென்று கனத்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், உள்ளே இரண்டு பெடியள் என்று தெரியும், ஆனாலும் ஒரு அடி பின்னுக்கு வைத்தேன். முற்றத்தில் படுத்திருந்த நாய் எழும்பிப் போய்விட்டது.

இன்னொரு கருத்துக்கும் பதில் சொல்லவேண்டும், அதுதான் கடினமானது. யானை அடித்துச் செத்த வீட்டில் இதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இந்த நாட்டில் இப்போது வருடத்துக்கு 100 பேருக்கு மேல் யானையால் சாகிறார்கள், யானைகள் 300க்கு மேல் சாகின்றன. யானை வெடி கொளுத்திவிட்டுக் காவல் கொட்டிலில் விடியும்வரை இருக்கிறவனுக்கு யானை அழகுமில்லை, பகிடியுமில்லை. அதனால் படத்தில் யானை யாரையும் துரத்தாது, ஒருவரும் விழுந்து எழும்பி ஓடமாட்டார்கள் என்று முதலே முடிவெடுத்தோம். பகிடி முழுவதும் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரில். அவர் தலையை நிமிர்த்துவதே இல்லை. வந்திருப்பது யானை என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. “அடுத்தாள்” என்கிறார். சரி, இதிலும் ஒருவர் மனம் நோகலாம். நொந்தால் சொல்லட்டும், இருந்து கதைப்போம்.

இப்போதைக்குப் படம் நின்றுபோயிருக்கிறது. சுளகு இரண்டும் அம்மம்மாவுடையவை, உழுந்து புடைக்கவேணும் என்று நேற்று வந்து கழற்றிக்கொண்டு போய்விட்டார். காதில்லாத யானை மாட்டுக்கொட்டிலில் சாய்ந்து கிடக்கிறது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யாரிடமாவது பழைய சுளகு இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் நல்லது.