அந்த 72 மணி நேரம்

என் தம்பிக்கு இப்போது நாற்பது வயது. போன மாதம் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான். "பதிமூணு வயசுல எனக்கு ஏதோ பெரிய நோய் வந்துடுச்சுன்னு நெனச்சேன்க்கா. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு பெட்ஷீட்டை நானே அலசிப் போட்டுடுவேன். ரெண்டு வருஷம் அந்தப் பயத்தோடவே இருந்தேன்."

தூக்கத்தில் விந்து வெளியாவது அந்தப் பருவத்தில் எந்தப் பையனுக்கும் நடக்கக்கூடியது. அது நோயும் இல்லை, அதனால் உடம்பு பலவீனமாவதும் இல்லை. இந்த ஒரு வரியைச் சொல்ல எங்கள் வீட்டில் ஆளில்லை. கொடியில் அந்த பெட்ஷீட் காய்ந்ததை நானும் பார்த்திருக்கிறேன். "பரவாயில்லையே, பொறுப்பா துவைக்கிறானே" என்று அம்மா பெருமைப்பட்டதுகூட ஞாபகம் இருக்கிறது.

எனக்கு மாதவிடாய் வந்தபோது அம்மா அரைகுறையாகவாவது சொன்னாள். பையன்களுக்கு அதுவும் கிடையாது. வளர்ந்தால் தானாகத் தெரிந்துகொள்வான் என்று விட்டுவிடுகிறோம். எங்கே தெரிந்துகொள்வான்? அன்றைக்குக் கூட்டாளிகளிடம், இன்றைக்குக் கைபேசியில் வரும் ஆபாசப் படங்களில். எதிரில் இருப்பவருக்குச் சம்மதமா என்று கேட்கவேண்டும், வேண்டாம் என்றால் அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும் என்பதை அந்தப் படங்கள் சொல்லித்தரப் போவதில்லை.

கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவளை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஆணுறை கிழிந்துவிட்டது. காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்து வைத்து நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். என்னிடம் வாய் திறந்தபோது இருபது நாள் ஓடியிருந்தது. அவசரக் கருத்தடை மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன். 5 நாளைத் தாண்டினால் பயனில்லை. எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடவேண்டும். மாத்திரை என்று ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியும். கேட்கத்தான் வாய் வரவில்லை. அவள் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, "யாரு அவன்?" அவள் முகம் போன போக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "நீ நல்லா இருக்கியா, டாக்டர்கிட்ட போலாமா" என்றல்லவா கேட்டிருக்கவேண்டும்!

பாலியல் கல்வி என்றதும் பலரும் வகுப்பறைப் படங்களையும் உறுப்புகளின் பெயர்களையும்தான் நினைக்கிறார்கள். பெயர்கள் அவசியம்தான். யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டால், எங்கே தொட்டார்கள் என்று சொல்லக் குழந்தைக்கு ஒரு சொல் வேண்டும். ஆனால் ஒரு சிக்கல் என்றால் அன்றைக்கே ஒரு பெரியவரிடம் வந்து சொல்லும் தைரியத்தைத் தராத கல்வி எனக்குப் பாதிக் கல்விதான்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்பவர்களுக்கு: யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் கல்வியால் இளைஞர்களின் பாலுறவு அதிகரிப்பதில்லை என்றே சொல்கிறது. ஆணுறை, கருத்தடை பயன்படுத்துவதுதான் கூடுகிறது.

வாய்மூடி இருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பால்வினைத் தொற்றுகள் பலவற்றை உடம்பு காட்டிக்கொடுக்காது. கிளமிடியா வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது. சாதாரண ஆன்டிபயாடிக்கில் குணமாகிற தொற்று அது. கவனிக்காமல் விட்டால் கருக்குழாயை அடைத்துப் பிள்ளைப்பேற்றுக்கே தடையாகலாம். எரிச்சல், வலி வந்தால்தான் பரிசோதனை என்று இருந்துவிடக்கூடாது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு மூலமான எச்.பி.வி. வைரஸுக்குத் தடுப்பூசி 2006-லிருந்தே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 14 வயதுக்குள் பெண்பிள்ளைகளுக்குப் போடச் சொல்கிறது. பாலுறவே தொடங்காத வயதில் போட்டால்தான் முழுப் பலன். "இந்த வயசுல எதுக்கு இந்த ஊசி?" என்று முகம் சுளித்த தாய்மார்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

தம்பியின் மகனுக்கு இப்போது பதினொன்று. எப்படி ஆரம்பிப்பது என்று தம்பி கேட்டான். "பெட்ஷீட் கதையச் சொல்லு, போதும்" என்றேன். நேற்று ராத்திரி போன் செய்தான். "சொல்லிட்டேன்க்கா. முழுசாக் கேட்டான். 'ரெண்டு வருஷம் யாருகிட்டயுமே சொல்லலையாப்பா?'ன்னுட்டு என் கையப் பிடிச்சுக்கிட்டான்."