நாப்பத்தஞ்சு நாப்பத்தஞ்சு அக்கா

போன செவ்வாய்க்கிழமை திருமங்கலத்தில் ஒரு தெருவுக்குள் காரைத் திருப்பினேன். மூன்றாவது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மடியில் கிடந்த பூவை அப்படியே வாரிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் இன்னும் வண்டியை ஓரங்கட்டக்கூட இல்லை. இரண்டு சுங்குடிச் சேலைக்கு அவள் பாக்கி.

அவ்வளவு தூரத்தில் என் முகம் தெரிந்திருக்காது. வெள்ளைக் கார் ஊருக்குள் ஆயிரம் ஓடுகிறது. அவள் கண்ணில் பட்டது நம்பர். 4545.

சொந்தத்தில் ஒரு தம்பி புது வண்டி எடுக்கிறான். “ஃபேன்சி நம்பர் வாங்கலாமாக்கா, நீங்க வாங்கினீங்கள்ல?” என்று கேட்டான். போனில் இரண்டு வார்த்தையில் சொல்ல முடியவில்லை, இங்கேயே எழுதிவிடுகிறேன். அவன் படிப்பான்.

நான் சுங்குடிச் சேலை விற்கிறேன். பஸ்ஸில் மூட்டை தூக்கிக்கொண்டு ஆரம்பித்தது. பிறகு ஸ்கூட்டர், 2022-ல் கார். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று வாரத்தில் நான்கு நாள் சுற்றுவேன். கார் புக் பண்ணப் போன அன்று ஷோரூம் பையன் கேட்ட முதல் கேள்வி கலரைப் பற்றி இல்லை. “ராசியான நம்பர் ஏதும் வச்சிருக்கீங்களா மேடம்?” எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. கூட வந்த என் தம்பிக்கு இருந்தது. “யாவாரம் பண்றவ நீ. நம்பர் சனங்க வாயில நிக்கணும்க்கா. நாப்பத்தஞ்சு நாப்பத்தஞ்சுன்னா பச்சப்புள்ள கூட மறக்காது.” நாலும் அஞ்சும் நாலும் அஞ்சும் பதினெட்டு, கூட்டினால் ஒன்பது. மாமியாருக்கும் திருப்தி. அப்புறம் யார் தடுக்க?

இதில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் நம்பர் வாங்குவது போல இல்லை இது. பிரிட்டனில் 1989-லிருந்து அரசாங்கமே நம்பர்களை விற்கிறது. பேர் மாதிரி வாசிக்க வருகிற எழுத்துக் கோவையைத் தேடி வாங்கலாம், வண்டியை விற்றாலும் நம்பரை மட்டும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளலாம். இங்கே டிஎன் என்பது மாநிலம், அடுத்த இரண்டு இலக்கம் ஆர்டிஓ ஆபீஸ். மதுரை தெற்கு என்றால் 58, வடக்கு என்றால் 59, மத்தி என்றால் 64. அதற்கடுத்த எழுத்துகள் அப்போது எந்த சீரிஸ் ஓடுகிறதோ அது. கடைசி நாலு இலக்கத்தில்தான் நம் ஆசைக்கு இடம். நான் வாங்கியபோது ஓடுகிற சீரிஸில் கேட்டால் ஒரு கட்டணம், இன்னும் திறக்காத சீரிஸில் முன்கூட்டியே கேட்டால் அதைவிடக் கூடுதல். நான் அரசாங்கத்துக்குக் கட்டியது ரசீதில் இருக்கிறது. நடுவில் நின்ற ஏஜெண்டுக்குக் கொடுத்தது ரசீதில் இல்லை. மொத்தம் எவ்வளவு என்று என் வீட்டுக்காரருக்குச் சொன்ன கணக்கு ஒன்று, நிஜக் கணக்கு ஒன்று. அவரும் இந்தப் பதிவைப் படிப்பார் என்பதால் அது அப்படியே இருக்கட்டும்.

வண்டி வந்ததும் நேராகப் பாண்டி கோவில். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம், மாலை, கற்பூரம். பூசாரி சந்தனத்தைக் குழைத்து பிளேட்டில் மூன்று இடத்தில் அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தார். ஒரு 4 முழுசாகவும் ஒரு 5 பாதியும் மறைந்துபோயின. தம்பிக்கு முகம் வாடிவிட்டது, கைக்குட்டையால் துடைக்கப் போனான். “இருக்கட்டும்பா, சாமி காரியம்” என்று தடுத்தேன். இப்போது யோசித்தால், இந்த வண்டியை ஓட்டியதிலேயே நான் நிம்மதியாக இருந்தது அந்த ஒரு நாள்தான். யாருக்கும் நம்பர் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. “அக்கா, உங்க வண்டிய கே.கே.நகர் ஆர்ச்சுக்கிட்ட பாத்தேன்.” “மதினி, மாட்டுத்தாவணில என்ன வேல?” “ஏத்தா, நேத்து ராத்திரி ஒம்பது மணிக்குத் தெப்பக்குளத்துல நின்னுச்சே உன் காரு, யாரு கூட வந்த?” என் மகளைக் கூட்டிக்கொண்டு பருத்திப்பால் குடிக்கப் போயிருந்தேன், வேறு யார் கூட! இதே கார் என் வீட்டுக்காரர் ஓட்டிப் போனால் ஒருத்தரும் கேட்பதில்லை. ஒரு பொம்பளை ஓட்டுகிற வண்டிக்கு ஊரே வாய்ப்பாடாக ஒப்பிக்கிற நம்பர் இருந்தால், போகிற இடமெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவது மாதிரிதான். மறந்துபோகிற நம்பர் எவ்வளவு பெரிய மறைப்பு என்று ஸ்கூட்டர் ஓட்டிய காலத்தில் எனக்குத் தெரியவில்லை.

யாவாரத்துக்கு ஆகும் என்றுதானே வாங்கினோம்? முதல் ஆறு மாதம் ஆகத்தான் செய்தது. தெருவுக்குள் நுழைந்தால் பிள்ளைகள் “நாப்பத்தஞ்சக்கா வந்திருச்சு” என்று கத்திக்கொண்டு ஓடும், பெண்கள் வெளியே வருவார்கள். ஆனால் சேலை யாவாரம் பாதி தவணை யாவாரம். தவணை கொடுக்க முடியாத வாரத்தில் அவர்களுக்கும் என்னைப் பார்க்கச் சங்கடம். முன்பு நான் வாசலில் போய் நின்ற பிறகு ஏதாவது பேச்சு வரும். “இந்த வாரம் முடியலக்கா, அடுத்த வாரம் பாப்பம்” என்பார்கள், ஒரு வாய் காப்பி கொடுப்பார்கள், முடிந்தது. இப்போது வண்டி தெருமுனையில் திரும்பும்போதே கதவு சாத்திக்கொள்கிறது. பணம் வராதது பெரிதில்லை. அந்தக் காப்பியும் பேச்சும் போய்விட்டது.

இதெல்லாம் நம்பர் ஏலத்தில் பணத்தை அள்ளிக் கொட்டுகிறவர்களுக்குப் பொருந்தாது, அவர்கள் உலகம் வேறு. 2022-ல் சண்டிகரில் ஒருவர் 71 ஆயிரம் ரூபாய் ஸ்கூட்டருக்கு 0001 என்ற நம்பரை 15 லட்சத்து 44 ஆயிரத்துக்கு ஏலம் எடுத்தார். 2025 ஏப்ரலில் கொச்சியில் 0007-க்கு 45 லட்சத்து 99 ஆயிரம். துபாய் கதையைக் கேட்கவே வேண்டாம், 2023-ல் ‘P 7’ என்ற பிளேட் ஐந்தரைக் கோடி திர்ஹாமுக்குப் போனது. எனக்கு இதில் கோபம் ஒன்றும் இல்லை. ஆசைப்படுகிறவன் கொடுக்கிறான், அரசாங்கம் வாங்கிக்கொள்கிறது. வரி ஏய்க்கிற ஊரில் ஒருத்தன் தானாக வந்து கட்டுகிறான் என்றால் கட்டட்டுமே. அவர்களும் விலைக்கு வாங்குவது, ‘இன்னார் வர்றார்’ என்று நாலு பேர் திரும்பிப் பார்ப்பதைத்தான். அவர்களுக்கு அது வேண்டியிருக்கிறது. எனக்கு வேண்டியிருக்கிறதா என்று வாங்குவதற்கு முன் நான் யோசிக்கவில்லை. புது வண்டி எடுக்கிற தம்பி, நீ யோசி. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். என் கொழுந்தனார் மகன் பைக்குக்கு 8055 கிடைத்தது. வண்டியோடு வந்த பிளேட்டைக் கழற்றிவிட்டு, ஸ்டிக்கர் கடைக்குப் போய் 8-ஐ ‘பி’ போலவும் 5-களை ‘எஸ்’ போலவும் வளைத்து ஆங்கிலத்தில் ‘பாஸ்’ (BOSS) என்று வாசிக்கிற மாதிரி எழுதிக்கொண்டு வந்தான். கோரிப்பாளையம் சிக்னலில் பிடித்தார்கள். சட்டப்படி முதல் தடவை 500 ரூபாய், அதற்கப்புறம் தடவைக்கு 1500. “நானே காசு குடுத்து வாங்குன நம்பரு பெரியம்மா, எப்படி எழுதுனா இவங்களுக்கு என்ன?” என்று என்னிடம் வந்து குமுறினான். நம்பரைத் தேர்ந்தெடுக்கத்தான் காசு, எழுதுகிற விதத்துக்கு இல்லை. காருக்கு எழுத்து உயரம் 65 மில்லிமீட்டர், கோட்டின் தடிமன் 10, இரண்டு எழுத்துக்கு நடுவே இடைவெளி 10 என்று விதியே இருக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு நீலத்தில் ‘IND’ என்று அச்சாகி, அசோகச் சக்கர ஹாலோகிராம் ஒட்டி, கழற்றினால் திரும்ப மாட்ட முடியாத பூட்டோடு பிளேட் வருகிறது. இடித்துவிட்டு நிற்காமல் போகிறவனின் நம்பரை ரோட்டோரம் வெள்ளரிக்காய் விற்கிற கிழவி ஒரே பார்வையில் வாசிக்க வேண்டும். அதற்குத்தான் பிளேட்.

‘அப்படியானால் தமிழில் எழுதலாமே’ என்பீர்கள். ‘த.நா’ என்று எழுதிய வண்டிகளைப் பார்த்தால் எனக்கும் மனசுக்குப் பிடிக்கும், என் கடைப் பை முழுக்கத் தமிழ்தான். ஆனால் மத்திய மோட்டார் வாகன விதி ஆங்கில எழுத்து என்றுதான் சொல்கிறது, நம் வண்டி பாலக்காடு தாண்டியும் போகிறது. இதில் நான் விதியின் பக்கம்.

எட்டைப் பற்றி எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கூட்டுத்தொகை எட்டு வந்தால் சனி, வண்டி விளங்காது என்று ஒருத்தரும் தொடமாட்டேன் என்கிறார்கள். என் மகள் ஒருநாள் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஒரு சீரிஸில் 1-லிருந்து 9999 வரை நம்பர். கூட்டிக்கொண்டே போனால் ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒவ்வொன்றுக்கும் சரியாக 1111 நம்பர் வரும். அதாவது சீரிஸுக்கு 1111 எட்டு. நீ வேண்டாம் என்றால் அது எங்கே போகும்? கேட்க வாயில்லாத யாரோ ஒருத்தர் தலையில்தான் விழும். எங்கள் தெரு ஆட்டோ அண்ணன் வண்டி எட்டுதான். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டார் அதிலேயே.

எங்கப்பாவின் டிவிஎஸ் 50-ம் எட்டுதான், 2618. சின்ன வயதில் ராத்திரி வாசல்படியில் உட்கார்ந்து, வருகிற ஹெட்லைட்டை எல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன். வெளிச்சம் கிட்டே வந்து கடந்தபிறகுதான் நம்பர் தெரியும். அப்பா செத்து இருபது வருசம் ஆகிறது. என்னுடைய ஆதார் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை, இது இருக்கிறது. அந்த நம்பருக்கு அவர் பத்துப் பைசா கூடுதலாகக் கொடுத்திருக்க மாட்டார்.

சரி, இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்டால், திருமங்கலத்தில் வண்டியை இரண்டு தெரு தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன், பஸ்ஸில் போன காலம் மாதிரியே. நேற்றுத்தான் பூக்காரி வீட்டுக்கு மறுபடி போனேன். திண்ணையில் இருந்தாள், ஓடவில்லை. “காரு எங்கக்கா?” என்றாள். ரிப்பேர் என்றேன். முந்நூறு ரூபாய் கொடுத்தாள், காப்பியும் கொடுத்தாள்.

மகளுக்குப் போன வாரம் ஸ்கூட்டர் எடுத்தோம். ஷோரூமில் அதே கேள்வி. “வர்ற நம்பர் வரட்டும்” என்று சொல்லிவிட்டாள். வந்த நம்பரைக் கூட்டிப் பார்த்தேன், எட்டு. மாமியாருக்கு இன்னும் சொல்லவில்லை. நல்லவேளை, அவர் முகநூலில் இல்லை.