அணைக்கட்டை விட்டுவிட்டீர்களே!

ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்களைப் பற்றி எழுதியதில், கட்டுமரம் 'கட்டமரான்' ஆனதையும் சுருட்டு 'செரூட்' ஆனதையும் அழகாகச் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் எங்கள் காவிரிக்கரைச் சொல்லை விட்டுவிட்டீர்களே! அணைக்கட்டுதான் ஆங்கிலத்தில் 'அனிகட்'. கல்லணையை 'கிராண்ட் அனிகட்' என்றார்கள் வெள்ளைக்காரர்கள், 1830களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டியவையும் அப்பர் அனிகட், லோயர் அனிகட்தான். தஞ்சாவூரில் நாங்கள் புதாறு என்று சொல்கிற, 1934இல் திறந்த கால்வாய்க்கும் ஜி.ஏ. கெனால், அதாவது கிராண்ட் அனிகட் கெனால் என்றுதான் பெயர். இதைவிட ஆச்சரியம், ராஜஸ்தான் கிராமங்களில் இன்றைக்கும் சின்னத் தடுப்பணையை 'அனிகட்' என்றே சொல்கிறார்கள்! அப்புறம் ஒன்று, கையில் புழங்கும் 'கேஷ்' நம் காசிலிருந்து வந்ததில்லை, அது பெட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்வழி வந்தது. அந்தக் காலத்துச் செப்புக்காசை வெள்ளைக்காரர்கள் 'கேஷ்' என்றார்களே, அந்தச் சொல்தான் நம் காசிலிருந்து வந்தது.