கண் திறந்திருந்தாலும் காணாமல் போகும்

"பிரட்ரிக் கோட்டைக்குள்ள மான் நேர முன்னால நிண்டா தெரியாமலா போகும்? காணேல்லை எண்டுறது பச்சைப் பொய்" என்று ஒரு கருத்து, மானைக் காணவில்லை என்று சொல்லும் வாகன ஓட்டிகளைப் பற்றி. திருகோணமலையில் உள்ள இந்தக் கோட்டைக்குள் மான்கள் திரியும், கோணேசர் கோயிலுக்கு அதன் வழியாகத்தான் போகவேண்டும். பொய்யாக இருக்கவேண்டியதில்லை. விழித்திரையில் உருவம் விழுவது வேறு, கவனத்தில் ஏறுவது வேறு.

2013இல் வெளிவந்த ஆய்வொன்றில், நுரையீரல் சிடி படங்களில் சிறு கட்டிகளைத் தேடிய 24 கதிரியக்க மருத்துவர்களில் 20 பேர், சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரிய கொரில்லா உருவத்தைக் கவனிக்கவில்லை. அவர்களில் பெரும்பாலானோரின் பார்வை அது இருந்த இடத்திலேயே விழுந்ததைக் கண்ணசைவுப் பதிவு காட்டியது. தேடும் பொருளின் வடிவம், நிறம், இடம் ஆகியவற்றுக்குப் பொருந்தும் சமிக்ஞைகளை மூளை வலுப்படுத்தும், மற்றவை அமுங்கும்.

அரிதாக வருவது இன்னும் மோசம். 2005 ஆய்வொன்றில், தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது சுமார் 7% தவறியது. 1% படங்களில் மட்டும் இருந்தபோது 30%. திருகோணமலையில் தினமும் மான் பார்ப்பவரும், கோணேசர் கோயிலுக்கு முதல்முறை வான் ஓட்டி வருபவரும் ஒன்றல்ல.

ஆனால் "மூளை எதிர்பார்ப்பதை மட்டுமே பார்க்கும்" என்ற பதிலும் மிகைதான். திடீர் அசைவு கவனத்தை இழுக்கும். அசையாமல் நிற்கும் மான்தான் சிக்கல். கோட்டை வாசல் தாண்டியதும் வேகத்தைக் குறைத்து, வீதியோரங்களில் மானையே தேடுங்கள்.