மாத்திரை தருகிற நாளை எங்களைக் கேட்டு வையுங்கள்

அம்மாவின் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. 2021-ல் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்த பிறகு, ஒரு அக்கா வாசலில் உட்கார்ந்து பிரஷர் பார்த்து மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார். அதே வீட்டில் இருக்கும் என் தம்பியின் மனநோய் மாத்திரைக்கு ஏற்காட்டை விட்டு சேலத்துக்கு இறங்கணும்.

ராத்திரி போட்ட மாத்திரையின் மயக்கம் தெளியாதவனை எழுப்பி, முகம் கழுவிவிட்டு, முதல் பஸ் பிடிக்கணும். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடியும்வரை எலுமிச்சம்பழத்தை மூக்கிலேயே வைத்திருப்பான். ஓ.பி. வரிசையில் பாதி நாள் போகும். கிடைப்பது 15 நாள் மாத்திரை. அம்மாவுக்கு அன்றைய கூலி போச்சு.

காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் ஒரு தடவை விட்டுப்போகும். கொஞ்ச நாளில், தட்டில் சோறு போட்டதும் மோந்து பார்க்க ஆரம்பிப்பான். விஷம் வைத்துவிட்டோம் என்று பயம். எங்களுக்குப் புரிந்துவிடும். சீட்டில் மட்டும் ‘மருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை’ என்று எழுதுவார்கள். ஏன் சாப்பிடவில்லை என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. நோயைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். உடனே விழிப்புணர்வு இல்லை என்கிறார்கள். எங்கள் அம்மாவுக்கு அந்த நோயின் ஒவ்வொரு குறியும் அத்துப்படி. அவருக்கு இல்லாதது பஸ்ஸும் ஒருநாள் கூலியும்தான்.

சிகிச்சையை வீட்டுப் பக்கம் கொண்டுவரத்தான் 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கினார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் மாநில மனநல ஆணையத்தில் நோயோடு வாழ்பவர்களுக்கும் பராமரிப்பவர்களுக்கும் இடம் தந்திருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அந்த நாற்காலி சென்னையில் இருக்கிறது. எந்த ஊரில், எந்தக் கிழமை, எத்தனை நாள் மாத்திரை என்று முடிவாகிற இடத்தில்தான் எங்களுக்கு நாற்காலி வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போடச் சொல்லி ஊரில் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அங்கே எழுந்து ‘என் பிள்ளைக்கு’ என்று சொல்ல யாரும் வரமாட்டார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீடு எப்படிச் சொல்லும்? பூசாரியிடம் மந்திரிக்கப் போவதைக்கூட இருட்டிய பிறகு வைத்துக்கொள்கிறவர்கள். அதனால் சபையில் தீர்மானம் மட்டும் போதும். குடும்பங்களிடம் கிராம செவிலியர் தனியாகக் கேட்டுக்கொள்ளட்டும், பெயர் எழுதாமல். நோயோடு இருப்பவரையும் கேட்கணும். மாத்திரை போட்டால் பகலெல்லாம் தூக்கமாக வருகிறது, வேலைக்குப் போக முடியவில்லை என்று தம்பி என்னிடம் தெளிவாகச் சொன்னான். டாக்டரிடம் சொல்ல அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

போன வாரம் அம்மாவிடம், உன்னைக் கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். யோசிக்கவே இல்லை. “சந்தை அன்னைக்கு டாக்டர் மேல வரட்டும் சாமி. எப்படியும் எல்லாரும் அன்னைக்கு ஏற்காட்டுக்கு வர்றோம். எதுக்கு வந்தீங்கன்னு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க.”