நேற்று வைத்த குழம்பு

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். ஆனால் அங்கே ஒருவர் மேடையில் பேசிய வீடியோவை எனக்கே இருபது பேர் அனுப்பிவிட்டீர்கள். “ரெண்டாம் பாகம் எழுதறது நேத்து வச்ச குழம்பைச் சூடு பண்ற வேலை” என்றார். கைதட்டினார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் பாகம்தான் கஷ்டம். என் நாவலுக்கு எழுதிப் பார்த்தவள் சொல்கிறேன். முதல் பாகத்தில் யாருக்கு என்ன வயது, எந்தத் தெரு, எல்லாம் என் இஷ்டம். அதன்பிறகு அச்சில் ஏறிய ஒவ்வொரு வரியும் என் கையைக் கட்டிப்போடுகிறது. பெரியப்பாவுக்கு ஒரு கால் சூம்பியிருக்கும் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். இரண்டாம் பாகத்தில் அவர் ராத்திரியில் பனை ஏறுகிறார்! நாற்பது பக்கம் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. அத்தனையும் கிழித்தேன். அப்புறம் தனி நோட்டுப் போட்டு வயது, மச்சம், உறவுமுறை, யார் எந்த வருஷம் செத்தார்கள் என்று குறித்துவைக்கவே எட்டு மாதம் ஆனது.

ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கோனன் டாயிலுக்கே இது நடந்திருக்கிறது. முதல் நாவலில் ஹோம்ஸின் நண்பர் வாட்சனுக்குக் குண்டடி தோளில், அடுத்ததில் காலில்.

கல்கி ‘பார்த்திபன் கனவை’ முதலில் எழுதிவிட்டு, 1944-இல்தான் ‘சிவகாமியின் சபதத்தை’த் தொடங்கினார். மாமல்லர் பேரரசராக, மகன் மகளோடு இருப்பதை வாசகர்கள் ஏற்கெனவே படித்தாயிற்று. அதற்குப் பிறகு அவருடைய வாலிபக் காலத்துக்குப் போய், சிவகாமிக்காக எல்லோரையும் அழவைத்தார். அதுவும் சூடு பண்ணிய குழம்பா?

“பணத்துக்காக எழுதுகிறீர்கள்” என்பார்கள். எழுத்துக்குப் பணம் வாங்குவது குற்றமில்லை. “மோசமான இரண்டாம் பாகங்கள் இல்லையா?” இருக்கின்றன. மோசமான முதல் பாகங்கள் அதைவிட அதிகம். “உங்களை யார் எழுதச் சொன்னது?” இதற்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும். என் அத்தை சொன்னார்.

எண்பது வயது. பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பவர். முதல் பாகம் வந்ததிலிருந்து போனில் ஒரே கேள்வி, “அந்தப் பொண்ணு என்ன ஆனா?” ஊருக்குத் திரும்பி வருகிறாள், அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். “வர மாட்டா. வீட்டுச் சாவியைக் கிணத்துல போட்டுட்டுத்தானே போனா?” என்றார். எழுதிய எனக்கு மறந்துபோயிருந்தது. கடைசி ஆறு அத்தியாயங்களையும் மாற்றி எழுதினேன்.

கதையில் வருகிறவர்களை இப்படி மனதில் வைத்திருக்கிற ஒருவருக்குப் பழசை ஊற்றிக் கொடுக்க முடியுமா? பேசியவர் புத்தகத்தைப் பிரித்தாவது பார்த்திருக்கலாம். அதுதான் வலிக்கிறது.

அன்றைக்கு அத்தையும் வந்திருந்தார். கைதட்டல் எழுந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது மட்டும் கேட்டார்: “மூணாம் பாகத்துல அந்தக் கிணத்தைத் தூர் வாருவாங்களா?”